விலை போகாத மல்லித்தழை: துவையலும் தொக்கும் ஆக்கலாம்

கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. நெல்லையும் கம்பையும் விலை வரும் வரை மூட்டை கட்டி வைக்கலாம். தேங்காயைக்கூடச் சில வாரம் போட்டு வைக்கலாம். மல்லிக்கட்டை மறுநாள் வரை வைத்திருப்பதே கஷ்டம். விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போன கட்டு வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும். அதற்கு மேல் வியாபாரி சொல்வதே விலை. வண்டிச் சத்தத்துக்குக்கூடக் கட்டவில்லை என்றால் கட்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வருவதும், வயலில் நிற்கும் மீதிப் பயிரை மாட்டுக்கு விடுவதும், உழுது மடக்குவதும் நடக்கிறது.

பனிக்காலத்தில் மல்லி நன்றாக வளரும். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் முதல் கோவை, திண்டுக்கல் பக்கம் வரை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தழை வரும்போது விலை விழுவதில் வியப்பில்லை. அப்படிப்பட்ட நாளில் தழையில் ஒரு பங்கையாவது வீட்டிலேயே துவையலாகவும் தொக்காகவும் பொடியாகவும் ஆக்கினால் நஷ்டம் குறையும். ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். முறை தவறினால் தழையோடு எண்ணெயும் புளியும் சேர்ந்து வீணாகும். சாப்பிடுவோர் உடல்நலத்துக்கும் கேடு வரும்.

தழை ஏன் சீக்கிரம் கெடுகிறது?

கொத்தமல்லித் தழையில் நூற்றுக்குச் சுமார் 86 பங்கு நீர்தான். புதினாவில் சுமார் 85 பங்கு. கறிவேப்பிலையில் சுமார் 64 பங்கு. கறிவேப்பிலை நாலைந்து நாள் தாங்குவதற்கும் மல்லி ஒரே நாளில் துவண்டு போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இலையிலுள்ள நீர் வெளியேறினால் தழை வாடுகிறது. கட்டுக்குள் நீர் தேங்கினால் அழுகுகிறது. இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்தி வைப்பதே சாமர்த்தியம்.

ஆகவே மல்லியை வெயில் தாழ்ந்த பிறகு மாலையிலோ, பனி உலர்ந்த பின் காலையிலோ பிடுங்க வேண்டும். வேரிலுள்ள மண்ணை உதறி, பழுத்த இலைகளைக் கழித்துவிட்டுக் கட்ட வேண்டும். குவியலாகப் போட்டால் நடுவில் சூடேறி இலை மஞ்சளாகும். கட்டுகளை நிழலில் ஒரே வரிசையாக நிறுத்தி, நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடி வைக்கலாம். வாடாமல் இருக்கட்டும் என்று கட்டின் நடுவில் தண்ணீர் ஊற்றுவது தவறு. அந்தத் தண்ணீரே இரவில் தழையை அழுக வைக்கும்.

எந்தத் தழை ஆகாது?

விற்காமல் திரும்பிய எல்லாத் தழையும் சமையலுக்கு உதவாது. வழவழப்பானதும் வாடை மாறியதும் எருக்குழிக்குத்தான் போக வேண்டும். சாக்கடை நீர் பாய்ந்த வயலின் தழையையும் தொடக் கூடாது.

இதைவிட முக்கியம் பூச்சிமருந்து. அசுவினிக்கோ சாம்பல் நோய்க்கோ மருந்து தெளித்திருந்தால், மருந்து டப்பாவில் கண்ட காத்திருப்பு நாள்கள் முடிந்த பிறகே அறுவடை செய்ய வேண்டும். இலைக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது. ஒரு கிலோ தழையை அடுப்பில் வற்ற வைக்கும்போது நீர்தான் வற்றும். மருந்தின் மிச்சம் அப்படியே தங்கிவிடலாம். பச்சைத் தழையில் சிறு அளவாக இருப்பது தொக்கில் செறிந்து நிற்கும். சொந்தப் பிள்ளைகளுக்குப் பரிமாறத் தயங்கும் தழையைப் பிறருக்கு விற்கவும் கூடாது.

கழுவுதலும் உலர்த்துதலும்

முதலில் வேரை வெட்டி எறிந்துவிட வேண்டும். பிறகு அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுத் தழையை அமிழ்த்தி அலச வேண்டும். மண் அடியில் தங்கிய பிறகு தழையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியிலுள்ள மண் மறுபடி தழையிலேயே ஒட்டும். இப்படி மூன்று தண்ணீர் மாற்றி, கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆறிய நீரையோ நல்ல குடிநீரையோ பயன்படுத்த வேண்டும்.

கழுவிய தழையைச் சுத்தமான வேட்டித் துணியில் நிழலில் பரப்பி, மேலீரம் போகும் வரை காற்றாட விட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் போதும். மல்லியில் இளந்தண்டை எறிய வேண்டியதில்லை. வாசனை தண்டிலும் உண்டு. புதினாவில் இலையை மட்டும் ஆய்ந்து கொள்ள வேண்டும், தண்டு நாராக இருக்கும். அந்தத் தண்டுகளைக் கணுவோடு வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துப் புதிய செடியாகும்.

அன்றன்றைக்குத் துவையல்

நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆய்ந்த மல்லித்தழை 100 கிராம், உளுத்தம்பருப்பு இரண்டு மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் நாலைந்து, சிறு நெல்லிக்காயளவு புளி, ஒரு துண்டு இஞ்சி, தேங்காய்த் துருவல் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு, நல்லெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி தேவை.

எண்ணெயில் பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயையும் புளியையும் இஞ்சியையும் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து ஆறவிட வேண்டும். தழையைச் சூட்டில் வதக்க வேண்டாம். வறுத்த சாமான்களையும் உப்பையும் தேங்காயையும் முதலில் கொரகொரப்பாக அரைத்துக் கொண்டு, கடைசியாகத் தழையைச் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அம்மியில் அரைப்பது இன்னும் நல்லது. மிக்ஸியை விடாமல் ஓட்டினால் சூடேறி வாசனை குறையும். விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தண்ணீர் தெளித்தால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

பச்சைத் தழையில் வைட்டமின் சி சத்து நிறைய உண்டு. சூடு படாத துவையலில் அதில் பெரும்பங்கு கிடைக்கும். ஆனால் தேங்காய் சேர்த்த துவையல் அந்த வேளைக்கு மட்டுமே. மீந்ததை மறுநாளைக்கு என்று வெளியில் வைக்கக் கூடாது. துவையல் உடனே உண்ண வேண்டிய பண்டம். அதை விற்பனைக்கு எடுத்துச் செல்ல நினைக்க வேண்டாம்.

சில வாரம் நிற்கும் தொக்கு

விற்காத தழைக்கு உண்மையில் கை கொடுப்பது தொக்குதான். ஒரு கிலோ ஆய்ந்த மல்லித்தழைக்குக் கீழ்க்கண்டவை வேண்டும்:

கொட்டை, நார் நீக்கிய புளி – 150 கிராம்
காய்ந்த மிளகாய் – 75 கிராம்
கல்லுப்பு – 75 கிராம்
நல்லெண்ணெய் – 300 மில்லி
வெல்லம் – 50 கிராம்
கடுகு – இரண்டு தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த வெந்தயம் – ஒரு தேக்கரண்டி
பெருங்காயம் – அரைத் தேக்கரண்டி

புளி மூழ்கும் அளவுக்கு மட்டும் கொதிநீர் விட்டு அரைமணி ஊறவிட வேண்டும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்திலோ கல்சட்டியிலோ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைக் காயவைத்து, மிளகாயை வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தழையைச் சுருளும் வரை வதக்கி ஆறவைக்க வேண்டும். பிறகு மிளகாய், உப்பு, ஊறிய புளி, தழை ஆகியவற்றை வேறு தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும்.

மீதி எண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டு, அரைத்த விழுதைச் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் விழுது தெறிக்கும். நீண்ட பிடியுள்ள கரண்டி நல்லது. அரைமணிக்கு மேல் ஆகும்போது விழுது திரண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரியும். அப்போது வெல்லத்தையும் வெந்தயப் பொடியையும் சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் கிளறி இறக்கலாம்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு கரண்டித் தொக்கைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மட்டும் பிரிந்து ஓடினால் பதம் வந்தது. நீர் வடிந்தால் மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். விறகையோ காஸையோ மிச்சப்படுத்த இந்த இடத்தில் அவசரப்பட்டால் அவ்வளவும் கெடும்.

ஒரு கிலோ தழைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தொக்கு கிடைக்கும். கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் புட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ நிரப்பி, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும்படி வைக்க வேண்டும். எடுக்கும்போது காய்ந்த கரண்டி அவசியம். பதமாக வற்றிய தொக்கை வெளியில் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலும் பல வாரம் இருக்கும். பூஞ்சணம் பூத்தால் மேலே மட்டும் வழித்துவிட்டு உண்ணக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

எண்ணெய் மட்டும் காப்பாற்றாது

“மேலே எண்ணெய் நின்றால் எதுவும் கெடாது” என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சணம் வராமல் இருக்கும். ஆனால் காற்று இல்லாத இடத்தில்தான் வளரக்கூடிய ஒரு கிருமியும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் இருப்பவை. மண்ணோடு ஒட்டி வளரும் தழையிலும் பூண்டிலும் இஞ்சியிலும் அவை இருக்கக்கூடும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அந்த வித்துகள் சாவதில்லை. ஈரமும் இருந்து, புளிப்பும் இல்லாமல், எண்ணெயால் காற்றும் அடைபட்டால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கி, கண்பார்வை மங்கி, மூச்சு விடும் தசைகள்கூடச் செயலிழக்கும். உணவைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் கெட்டிருப்பது தெரியாமல் போகலாம்.

1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டுக் குளிரில் வைக்காத நறுக்கிய பூண்டைப் பயன்படுத்திய உணவகம் ஒன்றில் உண்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் தாக்கப்பட்டனர். அங்கே எண்ணெய் இருந்தது, புளிப்பு இல்லை.

நம் தொக்கைக் காப்பது புளிதான். புளிப்பைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமியின் வித்து முளைப்பதில்லை. ஆகவே புளியின் அளவைக் குறைக்கக் கூடாது. புளிப்பு அதிகம் என்று தோன்றினால் வெல்லத்தைச் சற்றுக் கூட்டலாம். பூண்டு சேர்க்க விரும்புவோர் அதைப் புளியோடு அரைத்து வற்ற வைக்க வேண்டும். முழுப் பல்லாக எண்ணெயில் மிதக்க விடக் கூடாது. பச்சைத் துவையலின் மேல் எண்ணெய் ஊற்றிப் பல நாள் வெளியில் வைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

நிறம் மாறினால் பயமில்லை

தொக்கு பச்சையாக இல்லாமல் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். சூடும் புளிப்பும் சேரும்போது இலையின் பச்சையம் மாறுவது இயற்கை. நிறம் நிற்கட்டும் என்று சோடா உப்பைப் போட்டால் புளிப்பும் போகும், வைட்டமினும் போகும். பச்சைச் சாயமும் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் செய்தால் பச்சை நிற்கும் என்பார்கள். புளிப்பு பட்டுச் செம்பு கரைந்து இறங்குவதே அதற்குக் காரணம். அது உடலுக்குக் கேடு. அலுமினியப் பாத்திரமும் புளிக்கு ஆகாது.

கறிவேப்பிலைப் பொடி

கறிவேப்பிலையில் நீர் குறைவு என்பதால் அதைப் பொடியாக்குவது சுலபம். ஈர்க்கிலிருந்து உருவிய இலையைக் கழுவி, நிழலில் மூன்று நான்கு நாள், கையில் நொறுங்கும் வரை உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் நிறமும் சத்தும் குறையும். உலர்ந்த இலை 100 கிராமுக்கு வறுத்த உளுத்தம்பருப்பு 100 கிராம், வறுத்த மிளகாய் 25 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, உலர வறுத்த சிறிது புளி, உப்பு, பெருங்காயம் சேர்த்துப் பொடிக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மாதம் வரை இருக்கும். 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் சுமார் 830 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தாளிப்பில் போட்ட இலையை ஒதுக்கிவிடுகிறோம். பொடியாக்கினால் இலை முழுதும் வயிற்றுக்குப் போகிறது.

கணக்குப் பார்த்துச் செய்யவும்

“வீணாகப் போகிற தழைதானே” என்று தழைக்கு விலை போடாமல் தொடங்குவோர் பிறகு வருந்துவார்கள். தொக்கில் பெரிய செலவு தழையில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. கிலோ தழைக்கு 300 மில்லி நல்லெண்ணெய் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அதோடு புளி, மிளகாய், எரிபொருள், புட்டி ஆகியவற்றின் செலவையும், அன்றைய மார்க்கெட் விலைப்படி தழையின் மதிப்பையும் எழுத வேண்டும்.

இன்னொரு செலவையும் எழுத வேண்டும். ஆய்ந்து, அலசி, அரைத்து, அடுப்பருகே நின்று கிளறுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வயல் வேலை முடிந்து வந்து செய்யும் இந்த வேலைக்கு யாரும் கூலி போடுவதில்லை. உள்ளூரில் பெண்கள் நாள் கூலி எவ்வளவோ, அந்த விகிதத்தில் அவர்கள் செலவிட்ட மணிக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும். அதையும் சேர்த்து விலை நிர்ணயித்த பின் மீதம் நின்றால்தான் அது லாபம். மீதமில்லை என்றால் வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்து நிறுத்திக் கொள்வதே புத்திசாலித்தனம்.

ஒரு வீட்டு அடுப்பும் மிக்ஸியும் நாளொன்றுக்கு இரண்டு கிலோ தழைக்குத் தாங்கும். 40 கட்டு திரும்பி வந்தால் நாற்பதையும் தொக்காக்கிவிட முடியாது. நாலைந்து வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் பெரிய பாத்திரமும் அரவை இயந்திரமும் வாங்கிக் கொள்ளலாம்.

விற்பனைக்குச் செய்வோர் முன்னதாக உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, சிறு அளவில் வீட்டில் செய்து விற்போருக்கும் இது பொருந்தும். புட்டியின் மேல் சேர்மானம், எடை, செய்த தேதி, எவ்வளவு நாளைக்குள் உண்ண வேண்டும், முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். முதல் தயாரிப்பை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் புளிப்பு அளவைப் பார்த்துக்கொண்டே விற்பனை நாளைக் குறிக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களிலும் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

தழைக்குப் பெயர் தந்த துவையல்

தழையை அரைத்து உண்பது நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் ஜெனோவா நகரில் பெஸ்டோ என்று ஒரு துவையல் உண்டு. இடித்தது என்பதே அந்தச் சொல்லின் பொருள். பளிங்கு உரலில் ஒருவகைத் தழையோடு பூண்டு, பைன் மரத்தின் பருப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து இடிப்பார்கள். அந்தத் தழை வேறொன்றுமில்லை; நம் ஊரில் திருநீற்றுப்பச்சை என்று வளர்க்கும் செடியின் இனம்தான். அதன் விதையைத்தான் நாம் சப்ஜா விதை என்கிறோம். அந்தப் பகுதி விவசாயிகள் விளைவிக்கும் தழைக்கு, ஊர்ப் பெயரோடு சேர்ந்த சட்டப் பாதுகாப்பை 2005-ல் ஐரோப்பிய யூனியன் அளித்தது. வேறு இடத்துத் தழையை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. துவையலுக்கு வந்த பேர் தழை விளைவித்தவனுக்கும் பயன்பட்டது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

விதைக்கும்போதே யோசனை

தொக்கு, பொடி எல்லாம் வந்த நஷ்டத்தைக் குறைக்கும் வழி. நஷ்டம் வராமல் தடுக்க விதைப்பிலேயே வழி உண்டு. உள்ள நிலம் முழுவதிலும் ஒரே நாளில் மல்லி விதைக்காமல், நாலைந்து பாத்திகளாகப் பிரித்து வாரம் ஒரு பாத்தி விதைக்கலாம். விதையை இரண்டாக உடையும்படி தேய்த்து, 12 மணி நேரம் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் சீராக முளைக்கும். 35 முதல் 40 நாளில் தழைக்குப் பிடுங்கலாம். ஒரு வாரம் விலை விழுந்தாலும் அடுத்த பாத்தி அடுத்த வார விலையைப் பார்க்கும். வீட்டு அடுப்புக்கும் தாங்கும் அளவே தழை திரும்பி வரும்.

முதலில் ஒரு கிலோ தழையில் தொக்கு செய்து, வீட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கெடாமல் இருந்து, செலவுக் கணக்கும் சரியாக வந்தால் அடுத்த முறை இரண்டு கிலோ செய்யலாம். மறுமுறை மார்க்கெட்டில் வியாபாரி விலையை அடிக்கும்போது, எல்லாக் கட்டையும் அங்கேயே தள்ளிவிட்டு வர வேண்டிய கட்டாயம் இருக்காது. சில கட்டுகளையாவது வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரலாம்.